எல்சி3 பட்டையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன் பாகங்களைத் தானே செரித்துக்கொள்வது, நடக்கிறதா என்று பார்க்க வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் காட்டும் சோதனை) போட்டால் அதில் பங்குபெறும் எல்சி3 புரதம் இரண்டு பட்டையாக வரும்: மேலே 16 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் எல்சி3-1, கீழே 14 பக்கம் எல்சி3-2. கொழுப்பு ஒட்டியதால் இரண்டாவதுதான் உண்மையில் கனமானது, ஆனாலும் ஜெல்லில் வேகமாக ஓடிவிடும். 15% ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு எடுங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு சிறிய புரதம் நழுவிப் போய்விடும்.

சரி, மருந்து கொடுத்ததும் எல்சி3-2 கூடிவிட்டது, உடனே ஆட்டோஃபேஜி கூடியது என்று எழுதிவிடாதீர்கள். தெருவில் குப்பை குவிந்தால் குப்பை அதிகமாகப் போடுகிறார்களா, லாரி வரவில்லையா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் பாஃபிலோமைசின். லைசோசோமில் (செல்லின் செரிமானப் பையில்) எல்சி3-2 உட்படச் செரிப்பதை இது நிறுத்திவிடும். 100 நானோமோலார், 2 முதல் 4 மணி நேரம் போதும். மருந்து இல்லாமல், மருந்தோடு, இரண்டையும் பாஃபிலோமைசினோடு என நான்கு கிணறுகள் கட்டாயம் வேண்டும். பாஃபிலோமைசின் சேர்த்த இரண்டில் மருந்து உள்ளதில் எல்சி3-2 இன்னும் கூடினால்தான் ஓட்டம், அதாவது ஆட்டோஃபேஜி தொடங்கிச் செரித்து முடியும் வேகம், கூடியிருக்கிறது. மருந்து மட்டும் கொடுத்ததற்கும் மருந்தோடு பாஃபிலோமைசினும் கொடுத்ததற்கும் வித்தியாசமே இல்லையென்றால் மருந்தே செரிமானத்தை அடைத்திருக்கலாம்.

அப்புறம், எல்சி3-2ஐ ஆக்டினோடு (எல்லா மாதிரியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் புரதம்) ஒப்பிடுங்கள், எல்சி3-1 உடன் வேண்டாம், ஆன்டிபாடி இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. ஆட்டோஃபேஜியில் செரிக்கப்படும் பி62 புரதம் குறைகிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.