சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

போன ஞாயிறு சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டுக்குப் புதியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பு நான் அடித்த அத்தனை கூத்தையும் ஒன்று விடாமல் அடித்தார்கள். தண்ணீர் கொண்டு போக வேண்டும், கொசு கடிக்கும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சேற்றைச் சுற்றிப் போவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முதல் நாள் மழையில் பாதை நடுவே தண்ணீர் தேங்கியிருக்கும். முன்னால் போகிறவர் ஓரத்துச் செடியை மிதித்துச் சுற்றிப் போவார்; பின்னால் வருகிற பத்துப் பேரும் அதே வழியில். அந்த ஓரமும் சேறாகிவிடும். அடுத்த கூட்டம் இன்னும் தள்ளி நடக்கும். ஓர் ஆள் நடக்கிற தடம் இப்படித்தான் மாட்டுவண்டிப் பாதையாகிறது.

மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது. மேலாக ஓடி மண்ணை அரிக்கும், வேர் வெளியே வந்துவிடும், விழுந்த விதை முளைக்காது. இங்கேயே இருக்கிற புக்கிட் தீமா வெறும் 163 மீட்டர் குன்று. அதன் பாதைகளையும் சரிவுகளையும் சீர்செய்ய 2014 செப்டம்பரில் மூடியவர்கள், 2016 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தார்கள். நடுவில் வார இறுதிகளில் மட்டும் கொஞ்சம் வழிவிட்டார்கள்.

நானும் ஒருநாள் புது வெள்ளைச் சப்பாத்தோடு அப்படித்தான் ஒதுங்கினேன். கூட வந்த பெரியவர், "தம்பி, அந்தச் சப்பாத்து என்ன விலை?" என்றார். நாற்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றேன். வேறொன்றும் சொல்லாமல், கணுக்கால் நனையச் சேற்றுக்குள்ளேயே நடந்து போய்விட்டார். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து காட்டுக்குப் பழைய சப்பாத்துதான்.

சரி, மரம் விழுந்து வழி அடைபட்டிருந்தால்? வந்த வழியே திரும்புங்கள்.

கையில் பிளாஸ்டிக் பை

குரங்குக்கு அந்தச் சரசரப்பு கேட்டாலே சாப்பாடு என்றுதான் அர்த்தம். முதுகுப் பைக்குள் வையுங்கள். "பாவம், பசிக்கும்" என்று முறுக்கை நீட்டுகிற அக்காமாருக்கு ஒரு வார்த்தை: 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டப்படி, முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

தொங்குபாலம்

மெக்ரிட்சி காட்டுக்குள் இருக்கிற பாலம் 250 மீட்டர், ஒருவழி. பாதியில் பயம் வந்தாலும் திரும்ப முடியாது.

ஒலிபெருக்கியில் பாட்டு

வேண்டாம்.