மாட்டைக் கழுவியாச்சு, வைக்கோல் போரை யார் பார்த்தது?

அணு விபத்துப் பகுதியில் கால்நடையை எப்படிப் பார்ப்பது என்று கிருஷ்ணகிரிப் பக்கம் வகுப்பு எடுத்தால், முதல் கேள்வி மாட்டுத் தோலைப் பற்றித்தான் வரும். ஆரம்பத்தில் நாங்களும் அங்கேதான் நின்றோம். கையுறை, முகக்கவசம் எல்லாம் யாரும் சொல்லாமலே போட்டுக்கொள்வார்கள், அதை விடுங்கள். தவறு நடப்பது கீழே உள்ள இடங்களில்தான்.

தீவனத்தை விட்டுவிட்டு மாட்டை அளப்பது

இது இன்னமும் எரிச்சல் மூட்டுகிறது. ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்து 2011 மார்ச்சில் நடந்தது. முந்தைய அறுவடையின் வைக்கோல் பல வயல்களில் வெட்டவெளியில் கிடந்தது. விபத்தில் வெளியான சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அதன்மேல் படிந்தது. வெளியே வைத்த தீவனத்தைப் போடாதே என்று மார்ச்சிலேயே அறிவுறுத்தல் போயிருந்தும், அந்த வைக்கோல் மாட்டுக்குப் போனது. புகுஷிமா பகுதியின் மினாமிசோமா ஊரில் பண்ணை ஒன்றின் மாடுகளைக் கதிர்வீச்சு அளக்கும் கருவி பிடித்துப் பார்த்தபோது தோலில் குறையே தெரியவில்லை. ஜூலையில் டோக்கியோவில் இறைச்சியை அளந்தார்கள்: 11 மாடும் அன்றைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டியிருந்தன. தின்ற வைக்கோலில் கிலோவுக்கு 75,000 பெக்கரல்.

சீசியம் உடம்புக்குள் பொட்டாசியத்தின் வழியிலேயே போய்த் தசையில் தங்கும். தோலைத் தேய்த்துக் கழுவி என்ன பயன்?

பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் கேழ்வரகுத் தாள் போரை நினைத்துப் பாருங்கள். படிவது மேலும் ஓரத்திலும்தான். நடுவில் கைவிட்டு ஒரு பிடி உருவி 'சுத்தம்' என்று எழுதாதீர்கள். மேல், ஓரம், நடு மூன்றுக்கும் தனித்தனிப் பை, தனித்தனிச் சீட்டு. எங்கே வாங்கியது, எப்போது அறுத்தது, மழையில் நனைந்ததா என்பதும் சீட்டில் வேண்டும்.

ஈரத்தை மறப்பது

பசும்புல்லில் சுமார் 80 சதவீதம் தண்ணீர், வைக்கோலில் 12. ஜப்பான் 2011 ஆகஸ்டில் வைத்த 300 பெக்கரல் தீவன வரம்பு, தாள், புல் வகைகளுக்கு 80 சதவீத ஈரத்தில் கணக்கிட்டது. காய்ந்த வைக்கோலில் 1,320 வந்தால், மாற்றிப் பார்க்கும்போது அதுதான் 300. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு நான்கு மடங்குக்கு மேல் பிசகும்.

அவசரப்பட்டு விற்பது

சுத்தத் தீவனத்துக்கு மாற்றினால் பாலில் சீசியம் சில நாளிலேயே இறங்கும். தசையில் பாதியாக ஒன்றிரண்டு மாதம் ஆகும். இறைச்சியில் கிலோவுக்கு 800 பெக்கரலிலிருந்து 100-க்கு வர மூன்று பாதி, அதாவது 3 முதல் 6 மாதம். நடுவில் ஒரே வாரம் பழைய தாளைப் போட்டாலும் எண்ணிக்கை மறுபடி ஏறும்.

பிரஷ்யன் நீலம் கொடுத்துச் சாணத்தை மறப்பது

பிரஷ்யன் நீலம் ஒரு நீல நிறமி; கறவை மாட்டுக்கு நாளுக்குச் சுமார் 3 கிராம். அது குடலிலேயே சீசியத்தைப் பிடித்து வெளியே தள்ளும். அந்தச் சீசியம் சாணத்தில் வருவதால் அதற்குக் குப்பைக்குழி தனி.

பாலைக் காய்ச்சுவது

கிருமிதான் சாகும், சீசியம் போகாது.

அயோடினையும் சீசியத்தையும் ஒன்றாக எண்ணுவது

விபத்தில் வெளியாகும் இன்னொரு கதிரியக்கப் பொருளான அயோடின் 131 பாதியாக 8 நாள். பால்பவுடராக்கி 80 நாள் வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீசியம் 137 தானாகச் சிதைந்து பாதியாக 30 வருடம்; தசையில் அது மாதங்களில் குறைவது உடம்பு வெளியேற்றுவதால்தான்.