சூட்டில் விரியும் செராமிக்: ஆக்சிஜன் இழப்பை மறப்பதால் வரும் தவறுகள்

சூடாக்கினால் செராமிக் விரியும் என்பது தெரிந்ததுதான். ஆனால் சில ஆக்சைடுகள் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமலே விரியும். 800 டிகிரி செல்சியஸில் அசையாமல் நிற்கும் உலையில் காற்றை நிறுத்திவிட்டு ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் செலுத்தினால், உள்ளே இருக்கும் சீரியம் ஆக்சைடுத் துண்டு மெல்ல நீளத் தொடங்கும். ஆக்சிஜனை இழப்பதால் வரும் இந்த விரிவுக்கு வேதி விரிவு என்று பெயர். திட ஆக்சைடு எரிபொருள் மின்கலங்களிலும் ஆக்சிஜன் பிரிக்கும் சவ்வுகளிலும் நன்றாகச் செய்த தகடுகள்கூட விரிசல் விடுவதற்கு, இதைக் கணக்கில் சேர்க்காதது ஒரு முக்கியக் காரணம்.

இதில் அதிகம் பார்க்கும் தவறு, காரணத்தையே மாற்றிப் புரிந்துகொள்வது. ஆக்சிஜன் போன இடம் காலியாகிறது, அந்தக் காலியிடம்தான் பொருளைப் பெரிதாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஆக்சிஜன் வாயுவாக வெளியேறும்போது தன்னிடமிருந்த இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது. அவை இரண்டு சீரியம் அயனிகளில் போய் அமர, அவற்றின் மின்னேற்றம் +4-இலிருந்து +3 ஆகிறது. அதனால் அயனியின் ஆரம் சுமார் 0.97 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.14 ஆங்ஸ்ட்ராமுக்கு வளர்கிறது. காலியிடமோ, அங்கே முன்பு இருந்த ஆக்சிஜன் அயனியைவிடச் சற்றுச் சிறியது. அது அணிக்கோவையை, அதாவது அயனிகளின் ஒழுங்கான அடுக்கை, உள்ளே இழுக்கத்தான் செய்கிறது. இந்த இழுபறியில் பருத்த உலோக அயனிகள் ஜெயிப்பதால்தான் மொத்தத்தில் பொருள் விரிகிறது.

இது புரிந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். யிட்ரியம் சேர்த்த சிர்கோனியாவில் (சிர்கோனியம் ஆக்சைடில்) காலியிடங்கள் ஏராளம். ஆனாலும் அதன் வேதி விரிவு மிகக் குறைவு. காரணம், அந்தக் காலியிடங்கள் யிட்ரியம் சேர்த்ததால் வந்தவை, சிர்கோனியம் அயனி எலக்ட்ரானை எளிதில் ஏற்காது. ஆகவே காலியிடம் எத்தனை என்று எண்ணிப் பயனில்லை. எத்தனை உலோக அயனிகள் எலக்ட்ரானை ஏற்றுப் பருக்கின்றன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, ஒரே விரிவுக் குணகத்தை (ஒரு டிகிரிக்கு நீளம் எவ்வளவு பங்கு கூடும் என்ற எண்ணை) எல்லா வெப்பநிலைக்கும் போடுவது. லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த, பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள ஆக்சைடைக் காற்றில் சூடாக்கினால் நீள வரைகோடு முதலில் கிட்டத்தட்ட நேராகப் போகும். சுமார் 600 டிகிரியைத் தாண்டியதும் முன்பைவிடச் செங்குத்தாக ஏறும். அங்கே ஆக்சிஜன் வெளியேற ஆரம்பித்துவிட்டது. அறை வெப்பநிலையிலிருந்து 900 டிகிரி வரை சராசரி எடுத்தால் இந்த வளைவே மறைந்துவிடும். எந்த வெப்பநிலை வரம்பில், எந்த வாயுவில் அளந்தது என்று சொல்லாத குணகத்தை நம்பி வடிவமைப்பில் இறங்காதீர்கள்.

அதற்காக வளைவைக் கண்டதுமே ஆக்சிஜன் மேல் பழி போடுவதும் தவறு. லாந்தனம் கோபால்டேட்டில் கோபால்ட் அயனியின் சுழற்சி நிலை (அதன் எலக்ட்ரான்கள் அமைந்திருக்கும் விதம்) மாறினாலே ஆரம் கூடும். ஆக்சிஜன் போக வேண்டியதில்லை. தூய சிர்கோனியா சுமார் 1170 டிகிரியில் படிக வடிவையே மாற்றிக்கொள்ளும். புரோட்டான் கடத்தும் பேரியம் ஆக்சைடுகள் நீராவியை உறிஞ்சி விரியும். சரி, எப்படிப் பிரித்தறிவது? அதே வாயுவில், அதே வேகத்தில் சூடாக்கி எடையையும் அளந்து பாருங்கள். அப்புறம் வெப்பநிலையை நிலையாக வைத்து வாயுவை மட்டும் மாற்றுங்கள். அப்போதும் எடை குறையக் குறைய நீளம் கூடினால் அது வேதி விரிவு.

இதெல்லாம் சின்ன அளவுதானே என்று ஒதுக்குவது ஆபத்து. கடோலினியம் சேர்த்த சீரியாவின் (சீரியம் ஆக்சைடின்) வெப்ப விரிவு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு. 800 டிகிரி ஏறினால் நீளம் ஏறக்குறைய 1% கூடும். சீரியாவின் ஒரு வாய்பாட்டு அலகுக்கு (CeO₂) சராசரியாக 0.1 ஆக்சிஜன் அணு போனாலும் கிட்டத்தட்ட அதே 1% வந்துவிடும். இழுவிசையில் அடர்த்தியான செராமிக் பெரும்பாலும் 0.1% அளவு நீட்சியிலேயே உடைந்துவிடக்கூடியது. எரிபொருள் மின்கலத் தகட்டின் ஒரு பக்கம் காற்று, அங்கே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.21 வளிமண்டலம். எரிபொருள் பக்கம் அது 10⁻¹⁸ அளவுக்கும் இறங்கலாம். ஒரு முகம் பருக்க, மறுமுகம் அப்படியே இருக்க, தகடு வளையத்தான் செய்யும்.

நேர் விரிவையும் கன அளவு விரிவையும் குழப்பி, மூன்று மடங்கு பிழையோடு கணக்குப் போடுவதும் சகஜம். ஒப்பிடும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை மறப்பதுதான் கடைசியாகச் சொல்ல வேண்டியது. வெப்பம் துண்டுக்குள் சீக்கிரம் பரவிவிடும். ஆக்சிஜன் அப்படி இல்லை, அது மேற்பரப்பைக் கடந்து அயனியாக நகர வேண்டும். வேகமாகச் சூடாக்கி அளந்தால் வருவது சமநிலை மதிப்பல்ல. ஆக்சிஜன் இழந்த துண்டைத் திடீரென்று காற்றுக்கு மாற்றினால் வெளிப்பகுதி முதலில் ஆக்சிஜனை ஏற்றுச் சுருங்கும். உட்பகுதி இன்னும் பருத்தே இருக்கும். இழுபடும் மேற்பரப்பில் விரிசல் ஆரம்பிக்கும். எனவே ஹைட்ரஜனிலிருந்து நேராகக் காற்றுக்குத் தாவாமல், ஹைட்ரஜனும் நீராவியும் கலந்த வாயுவில் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் நீளம் நிலைக்கும் வரை காத்திருந்து அடுத்ததற்குப் போங்கள்.