உங்கள் நாய் ஓநாய் அல்ல: வளர்ப்பவர்கள் செய்யும் சில தவறுகள்

பக்கத்து வீட்டில் நாலு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. ஒரு நாள் சாயங்காலம் அது கவ்விய செருப்பை விட மறுத்தது. வீட்டுக்காரர் அதை மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். குட்டி கொஞ்ச நேரம் உதறிப் பார்த்தது. அப்புறம் அசையாமல் கிடந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி உதட்டை நக்கிக்கொண்டது. தரையில் இரண்டு சொட்டு மூத்திரம். "பாத்தீங்களா சார், அடங்கிடுச்சு. ஓநாய்க் கூட்டத்துல தலைவன் இப்படித்தான் பண்ணுமாம், வீடியோல சொன்னாங்க" என்றார். அடங்கியதாக எனக்குத் தெரியவில்லை. பயந்துபோயிருந்தது.

இந்தத் 'தலைவன்' கதைதான் பாதித் தவறுகளுக்குத் தாய். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் ஓநாய்களின் நடத்தையைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தது சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டுக் கிடந்த ஓநாய்களை. விலகிப் போக வழியில்லாத இடத்தில் சண்டை வருவதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் 'ஆல்ஃபா', அதாவது கூட்டத் தலைவன், என்ற சொல்லை ஊரெங்கும் கொண்டுபோனது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகாலம் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999இல் வேறு கணக்கு சொன்னார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். பிள்ளைகள் வளர்ந்ததும் வெளியேறித் தனிக் குடும்பம் அமைக்கின்றன. அங்கே யாரும் சண்டை போட்டு ஜெயித்து அப்பா ஆவதில்லை! தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் கேட்டுக்கொண்டதும் மெக்தான். பணிவைக் காட்ட ஓநாய் மல்லாந்து படுப்பது உண்டு, ஆனால் அது தானாகப் படுப்பது. ஆகவே குட்டியை மல்லாக்கத் தள்ளாதீர்கள்.

அடுத்தது, ஓநாய் மூர்க்கம், நாய் சாது என்று நினைப்பது. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்பிரன்னில் ஓநாய் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. ஓநாய்க்குட்டிகளையும் நாய்க்குட்டிகளையும் ஒரே மாதிரி மனிதர் கையால் வளர்த்து ஒப்பிடுகிறார்கள். இறைச்சி வைத்தால் ஓநாய்கள் உறுமிக்கொண்டாவது சேர்ந்து தின்கின்றன. நாய்களில் எளியது ஒதுங்கி நின்றுவிடுகிறது. 2017இல் வெளிவந்த இன்னொரு சோதனையில், கயிற்றின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தீனி கைக்கு வரும். 7 ஓநாய் ஜோடிகளில் 5 ஒரு முறையாவது ஜெயித்தன. 8 நாய் ஜோடிகளில் 1 மட்டும். எனவே இரண்டு நாய் வைத்திருப்பவர்கள் ஒரே தட்டில் சோறு போட்டு "பங்கு போட்டுச் சாப்பிடட்டும்" என்று விட வேண்டாம்.

நாயின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது, நம் முகத்தைப் படிப்பதில். புடாபெஸ்டில் செய்த சோதனை 2003இல் வெளியானது. தீனியை எடுக்கவே முடியாதபடி செய்து வைத்தார்கள். கையால் வளர்த்த ஓநாய்கள் விடாமல் முட்டிக்கொண்டிருந்தன. நாய்களோ சீக்கிரமே திரும்பி மனிதரைப் பார்த்தன. மூடிய கதவின் முன் நின்று உங்களைப் பார்க்கும் நாயைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள், அது உங்களிடம் பேசுகிறது. வீட்டு நாய்க்கு மட்டும்தான் இது வரும் என்றும் இல்லை. கொல்கத்தா ஆய்வாளர் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களுக்கு விரலால் சுட்டிக் காட்டியபோது, அருகில் வந்தவற்றில் பெரும்பாலானவை காட்டிய பக்கமே போயின. யாரும் பழக்கிவிடாத நாய்கள் அவை.

வாலாட்டினால் சந்தோஷம் என்பதும் பாதி உண்மைதான். உடம்பு முழுக்க நெளிந்து வால் குழைந்தால் சரி. வாலை உயர்த்தி, விறைப்பாக, சின்னதாக அசைத்தபடி உடம்பு கட்டை போல நின்றால் கிட்டே போகாதீர்கள். ஓநாய்க்கு விறைத்த காது, நீண்ட முகம், தொங்கும் வால் எல்லாமே பேசும். நாமோ காதைத் தொங்கவிட்டு, மூக்கைச் சப்பையாக்கி, வாலைச் சுருட்டி விட்டோம். பக் நாயின் முகத்தில் அதே சேதியைப் படிக்க மற்ற நாய்களுக்கே சிரமம் இருக்கலாம்.

உறுமினால் அடிப்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. உறுமல் என்பது "தள்ளிப் போ" என்ற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் நாய் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கலாம்.

நாய் முகத்தைத் தொங்கப்போட்டால் தன் தப்பு அதற்குத் தெரிகிறது என்று நினைப்பது இன்னொன்று. நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னாதே என்று சொல்லி வைத்த தீனியைத் தின்ற நாய், தின்னாத நாய் என்ற வித்தியாசம் அந்த முகத்தில் தெரியவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதுதான் தெரிந்தது. ஒரு பாவமும் செய்யாத நாய், திட்டு வாங்கியதும் இன்னும் அதிகமாகக் குன்றியது.

 

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது செருப்புக்குப் பதில் கருவாட்டுத் துண்டை நீட்டுகிறார். குட்டி செருப்பைப் போட்டுவிட்டு ஓடி வருகிறது. ஆனால் அவர் சட்டென்று குனிந்தால், இன்னமும் ஒரு அடி பின்னால் போய் உதட்டை நக்குகிறது.