ஜார்ஜ் டவுனில் யார் வந்தார்கள், யார் போனார்கள்: நடந்தே கண்டுபிடிக்க ஒரு வழி

சென்னை ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும், தெருப் பெயர்ப் பலகையை நம்பாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பலகையில் இருப்பது எப்போதோ இருந்தவர்களின் பெயர். இப்போது இருப்பவர்களைக் கடைப் பலகையில் பார்க்கலாம். இடையில் இருந்தவர்கள் மாடியில்தான் கிடைப்பார்கள்: கைப்பிடிச் சுவரில் சுதை எழுத்து, கட்டிய ஆண்டு, தேய்ந்துபோன ஒரு லட்சுமி. அதற்காகவே ஞாயிறு காலையில் போகச் சொல்கிறேன். மற்ற நாட்களில் அண்ணாந்து பார்த்தால் தள்ளுவண்டி காலில் ஏறிவிடும்.

பாரிமுனையிலிருந்து ஆர்மீனியன் தெருவுக்கு நடந்தே போகலாம். வழி கேட்டால் அரண்மனைக்காரத் தெரு என்றும் கேளுங்கள், பழைய ஆட்களுக்கு அப்படித்தான் தெரியும். 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் அங்கே இருக்கிறது, வழிபட வரும் ஆர்மீனியர்கள்தான் இல்லை. உள்ளே தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், ஆர்மீனிய எழுத்தில். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-இல் வெளிவந்தது இந்த மெட்ராஸில்தான். அவசரப்படாமல் பாருங்கள்.

அடுத்து பவளக்காரத் தெரு. பவளத்தை இறக்கி வைரத்தை ஏற்றிய யூத வணிகர்களின் இடம். அவர்களின் அடையாளம் எதையும் அங்கே தேட வேண்டாம், பெயரோடு சரி. பின்னால் அங்கே வந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

நேரத்தைச் சௌகார்பேட்டைக்கு மிச்சம் பிடியுங்கள். தெருவின் பெயர் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, கடைக்காரர்களில் பெரும்பாலோர் மார்வாடிகளும் குஜராத்திகளும். வாசல் நிலையைக் கவனியுங்கள்: ஒரு பக்கம் ‘சுப்’, மறுபக்கம் ‘லாப்’ என்று இந்தியில் சிவப்பு எழுத்து, நடுவில் சுவஸ்திகா. நிலைக்கு மேலே பழைய தமிழ், தெலுங்கு வீடுகளின் மரவேலை மிஞ்சியிருந்தால், இரண்டு குடிவரவுகளை ஒரே வாசலில் பார்த்துவிட்டீர்கள். தங்கசாலைத் தெருவில் ஏகாம்பரேஸ்வரர் கோயிலைப் பார்த்தீர்களானால், சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஜைனக் கோயில்களையும் பார்த்துவிட வேண்டும்.

கடைக்காரர்களிடம் பேசத்தான் வேறொரு நாள், வியாபார நாளில் பிற்பகலில் வர வேண்டும். ‘நீங்க எந்த ஊரு?’ என்று ஆரம்பிக்காதீர்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவரிடம் இது என்ன கேள்வி? ‘மெட்ராஸ்தான்’ என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஏதாவது வாங்கிவிட்டு, ‘கடையை யார் ஆரம்பிச்சாங்க சேட்?’ என்று கேளுங்கள். தாத்தா, அவர் கிராமம், முதலில் வேலை பார்த்த கடை எல்லாம் தானாக வரும்.

மாலையில் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் வாருங்கள். 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளை அரசுடைமையாக்கியதும், அங்கிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி இங்கே வந்து இறங்கினார்கள். பர்மா பஜார் அவர்களுக்குப் பிழைப்புக்காக வந்தது. பஜாரில் இன்று பர்மாவைப் பார்ப்பது கடினம், சார்ஜரும் இயர்போனும்தான். பர்மா இருப்பது செகண்ட் லைன் பீச் ரோட்டுத் தள்ளுவண்டிகளில். அத்தோ கேளுங்கள். நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த பண்டத்தை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். முதலில் காரம் குறைவாகக் கேட்பது நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு கட்டடம் மனதில் நின்றுவிட்டால், பதிவுத்துறை இணையதளத்தில் அதன் வில்லங்க விவரத்தைப் பாருங்கள். இது பெரும்பாலானவர்கள் செய்யாத வேலை, எனக்கு இதில்தான் ருசி அதிகம். விற்றவர், வாங்கியவர் பெயர்கள் வரிசையாக வரும். நாயுடு, முதலியார் என்று போகும் பட்டியல் ஓரிடத்தில் ஜெயின் ஆகும், அப்புறம் ஒரே வீடு நான்கைந்து பங்காகப் பிரியும். தேதியோடு இருப்பதால் அந்த மாற்றம் எந்த ஆண்டில் நடந்தது என்றே தெரிந்துவிடும். அதைத் தேடக் கதவு எண்ணும் உதவும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும், பத்திரத்தில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே நிற்கும்போதே இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.