கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்காதா?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலையும் கைக்கு வந்தாயிற்று. அரசு ரகசியங்களைப் பார்க்க அனுமதி தரும் கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்கச் சொன்னதும் வயிற்றைப் பிசைவது கடன் நினைப்புதான். வீட்டுக் கடன், கார் தவணையெல்லாம் தேதி தவறாமல் கட்டுகிறீர்கள் என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கிளியரன்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய 2017 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள 13 வழிகாட்டு நெறிகளில் ‘எஃப்’ என்பது பண விவகாரம். இவ்வளவு டாலருக்கு மேல் கடன் இருந்தால் கிடையாது என்று அதில் எந்தத் தொகையும் சொல்லப்படவில்லை. கட்டாமல் விட்ட கடன்தான் அங்கே கேள்வி.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்துச் செலவும் கடனும் கழுத்தை நெரிக்க, 1985-ல் சோவியத் தரப்புக்கு ரகசியங்களை விற்று முதலில் 50,000 டாலர் வாங்கினார். பிறகு 5,40,000 டாலரை ரொக்கமாகக் கொடுத்து வீடே வாங்கினார். அப்படியும் பிடிபட 1994 ஆகிவிட்டது! கணக்குக் காட்ட முடியாத வசதியையும் இதே ‘எஃப்’ பிரிவில் வைத்துப் பார்ப்பது இந்த மாதிரி ஆட்களால்தான்.

இருக்கிற தவறுகளில் பெரியது மறைப்பது. கிளியரன்ஸுக்காக நீங்கள் நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26-வது பகுதி கடந்த ஏழு ஆண்டுகளைக் கேட்கிறது: 120 நாளுக்கு மேல் பாக்கி வைத்தீர்களா, ஏதாவது பில் வசூல் நிறுவனத்திடம், அதாவது கலெக்‌ஷனுக்குப் போனதா, வரிக் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டீர்களா. நீங்கள் வீடு மாறியபோது கடைசி கரண்ட் பில், ஒரு 300 டாலர், பழைய முகவரிக்குப் போய் அப்படியே கலெக்‌ஷனுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சின்னத் தொகைதானே என்று ‘இல்லை’ என்று டிக் செய்கிறீர்கள். விசாரணையில் உங்கள் கடன் வரலாறு முழுக்க இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை எப்படியும் எடுப்பார்கள். 300 டாலர் விஷயம் அந்த நிமிடமே நேர்மை பற்றிய விஷயமாகிவிடும். அதற்கு ‘இ’ என்று தனி நெறியே இருக்கிறது. தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. உண்மையிலேயே தெரியாமல் விட்டது வேறு. ஆனால் அதை விளக்கி நம்பவைக்கும் பாடு உங்களுடையது. அதனால் படிவத்தைத் தொடுமுன் எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்து வரிவரியாகப் பாருங்கள். நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் பெயரில் நிற்கும்.

அடுத்தது, நோட்டீஸ் வரட்டும், அப்புறம் கட்டலாம் என்று இருப்பது. உங்கள் மேல் உள்ள ஆட்சேபங்களைப் பட்டியல் போட்டு ஒரு கடிதம் வரும். அது வந்தபின் அவசரமாகக் கட்டிய மொத்தப் பணத்தைவிட, ஒரு வருடமாக மாதம் 50 டாலர் கட்டிய ரசீதுகளுக்கு மதிப்பு அதிகம் என்பேன். கிளியரன்ஸுக்காகத்தான் கட்டினாய் என்ற கேள்வி அங்கே எழாது. ரசீது என்று சொன்னது சும்மா இல்லை. கடன்காரரோடு பேசிய ஒப்பந்தக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ‘கட்டிவிட்டேன் சார்’ என்ற வாய்ச்சொல் எடுபடாது.

ஏழு வருடம் போனால் ரிப்போர்ட்டிலிருந்து மறைந்துவிடும், விட்டுவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மறைவது வேறு, தீர்ப்பது வேறு. கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. இனி வசூலாகாது என்று வங்கி நஷ்டக் கணக்கில் எழுதிய, ‘சார்ஜ் ஆஃப்’ செய்த கடனும் அப்படித்தான்.

திவால் மனு போட்டால் எல்லாம் முடிந்தது என்று பயப்படுவதும் தவறு. அது சட்டம் தந்த வழி. வேலை போனது, மருத்துவச் செலவு, விவாகரத்து, அடையாளத் திருட்டு என்று கைமீறிய காரணம் இருந்து, அதற்குப் பிறகு பொறுப்பாக நடந்திருந்தால் அது உங்கள் பக்கம் பேசும். சூதாட்டக் கடனுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

கிளியரன்ஸ் வந்துவிட்டது, இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் இருக்க முடியாது. முன்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மறுவிசாரணை. இப்போது கண்காணிப்பு தொடர்ந்து நடக்கிறது. தவணை நின்றால் அவர்களுக்கே தகவல் போகும். அதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்.