டிவிடி பேக்கப்: எக்ஸ்ட்ராஸை நீக்கப்போய் மெனுவைக் கெடுக்கும் தவறுகள்

"படம் ஒழுங்காக ஓடுகிறது. முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பாமல் பிளேயர் அப்படியே நின்றுவிடுகிறது." டிவிடி பேக்கப்பில் புதிதாகக் கை வைத்தவர்களின் புலம்பல் பெரும்பாலும் இதுதான். டிரெய்லரையும் படப்பிடிப்புக் காட்சிகளையும் தூக்கிவிட்டு இடம் மிச்சம் பிடிக்கப் போனவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழுந்து எழுந்த குழி. மூலத்துக்கு நகல் வைக்காமல் தொடங்குவது, 4.7 ஜிபி டிஸ்க்கைக் கணினி 4.38 என்று காட்டுவதைப் பார்த்துக் குழம்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை ஒருமுறை சுட்டதுமே புத்தியில் ஏறிவிடும். கோப்புகள் பூட்டு எதுவும் இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

காலியாக்க வேண்டியதை அழித்துவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி நடப்பது, எரிச்சலூட்டுவது இதுதான்.

டிவிடியில் வீடியோ இருப்பது விஓபி கோப்பில். அதை எப்படி ஓட்டுவது என்ற விவரம் இருப்பது ஐஎஃப்ஓ கோப்பில். ஐஎஃப்ஓவுக்குள் இருக்கும் ஒவ்வொரு பிஜிசியும் ஒரு குறிப்புச்சீட்டு மாதிரி: ஓட்டுவதற்கு முன் என்ன செய்வது (ப்ரீ கட்டளை), எந்தச் செல்களை, அதாவது வீடியோத் துண்டுகளை, எந்த வரிசையில் ஓட்டுவது, முடிந்தபின் எங்கே போவது (போஸ்ட் கட்டளை). எக்ஸ்ட்ரா என்று நாம் நினைக்கும் வீடியோ இதில் நடுப்பகுதி மட்டுமே. டைட்டிலையே (படம், டிரெய்லர் என மெனுவிலிருந்து தனியாக அழைக்கப்படும் ஒவ்வொன்றும் ஒரு டைட்டில்) அழித்தால் முன்னும் பின்னும் இருந்த கட்டளைகளும் கூடவே போய்விடும்.

ஓர் உதாரணம். டிஸ்க்கில் 5 டைட்டில்கள்: 1 படம், 2 முதல் 5 வரை எக்ஸ்ட்ராஸ் (அதில் 4 படத்தில் சேராத காட்சிகள், 5 பேட்டி). மூன்றாவதான டிரெய்லரை அழிக்கிறீர்கள். 4 இப்போது 3 ஆகிறது, 5 இப்போது 4 ஆகிறது. மெனுவுக்குள் இருக்கும் கட்டளைக்கோ இந்தச் சேதி தெரியாது. அது இன்னமும் "டைட்டில் 4-க்குப் போ" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். படத்தில் சேராத காட்சிகளைக் கேட்டால் பேட்டி ஓடுகிறது. பேட்டியைக் கேட்டால், இல்லாத டைட்டில் 5-க்குத் தாவப்போய் பிளேயர் உறைகிறது.

இதைவிட மோசம், டம்மி பிஜிசியை அழிப்பது. பிஜிசிகளைத் திருத்தும் பிஜிசிஎடிட் மென்பொருளில் மெனுப் பட்டியலைத் திறந்தால் செல்லே இல்லாத, நேரம் சுழியம் என்று காட்டும் பிஜிசிகள் வரிசையாக நிற்கும். "இதில் ஒன்றுமே இல்லையே, குப்பைதானே" என்று தூக்கிவிடுகிறார்கள். டிஸ்க்கின் போக்குவரத்துக் காவலரே அதுதான். மெனுப் பட்டன் தன் எண்ணை ஒரு ஜிபிஆர்எம்மில் (பிளேயர் நினைவில் வைத்திருக்கும் 16 எண்களில் ஒன்று) எழுதிவிட்டு டம்மி பிஜிசிக்கு அனுப்பும். அங்கே இருக்கும் ப்ரீ கட்டளைகள் அந்த எண்ணைப் பார்த்து, 2 என்றால் இங்கே, 4 என்றால் அங்கே என்று பிரித்துவிடும். அதை எடுத்துவிட்டால் ஒரு பட்டன் மட்டுமல்ல, மெனு முழுவதும் ஊமையாகிவிடும்.

சரியான வழி, எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சதையை மட்டும் எடுப்பது. வாப்பிளாங்கர் என்ற மென்பொருளில் அந்த டைட்டிலைத் தேர்ந்தெடுத்துக் காலியாக்கினால் வீடியோ இருந்த இடத்தில் சிறு கறுப்புத் துண்டு நிற்கும். டைட்டில் எண், பிஜிசி எண், போஸ்ட் கட்டளை எதுவும் மாறாது. அதைத் தேர்ந்தெடுப்பவருக்குத் திரை ஒரு கணம் கறுத்து, மெனு திரும்பி வரும். அந்தக் கறுப்பும் வேண்டாம் என்றால் பிஜிசிஎடிட்டில் அந்த பிஜிசியின் பிளேபேக்கை நிறுத்தலாம். ப்ரீ கட்டளைகளின் கடைசியில் நின்று நேரே போஸ்ட் கட்டளைக்குத் தாவுவது லிங்க் டெயில் பிஜிசி என்ற கட்டளை. ஆனால் செல் கட்டளை ஏதாவது இருந்ததா என்று முதலில் பாருங்கள். செல் ஓடாவிட்டால் அதுவும் ஓடாது. தேவையானதாக இருந்தால் போஸ்ட் கட்டளையின் தொடக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

டிவிடி ஷ்ரிங்க் மென்பொருளில், வேண்டிய வீடியோவை மட்டும் எடுத்து அடுக்கும் ரீ-ஆத்தர் முறையைப் பிடித்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் மெனுவே இருக்காது.

பகிர்ந்த செல்லைக் கவனிக்காமல் விடுவது

தொடர்களின் டிஸ்க்கில் "எல்லாவற்றையும் ஓட்டு" என்று ஒரு டைட்டில் இருக்கும். தனித்தனிப் பகுதிகளும் இருக்கும். அளவைப் பார்த்தால் இரட்டிப்பாகத் தெரியும். பல டிஸ்க்குகளில் இரண்டும் அதே செல்களைத்தான் சுட்டுகின்றன. ஒன்றைக் காலியாக்கினால் மற்றதும் கறுப்பாகிவிடும். ஐஎஃப்ஓவைத் திறந்து காட்டும் இஃபோஎடிட் மென்பொருளில் இரண்டு பிஜிசிகளின் விஓபி எண்ணையும் செல் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே எண்ணாக இருந்தால் தொடாதீர்கள். அங்கே மிச்சமாகும் இடமும் கிடையாது.

பட்டனை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பட்டனை மறப்பது

மெனுவில் தெரியும் எழுத்து பின்னணிப் படத்தோடு சேர்ந்தது. தேர்ந்தெடுத்ததும் மின்னும் நிறம் மட்டும் சப்பிக்சரில் (படத்தின் மேல் விழும் அடுக்கு) தனியாக இருக்கிறது. பட்டனை நீக்கினாலும் எழுத்து அங்கேயேதான் நிற்கும். அதைத் துடைக்கப் பின்னணியையே திருத்தி மறுபடி உருவாக்க வேண்டும். அசையும் மெனு என்றால் மொத்தமும் மறு என்கோடிங். எங்கள் கருத்து: எழுத்தை விட்டுவிடுங்கள், யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

நீக்கியே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு பட்டனிலும் மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைக்கும் அடுத்த பட்டன் எது என்று எழுதியிருக்கும். 1, 2, 3, 4 என்று நிற்பதில் 3-ஐ எடுத்தால் 2-இன் கீழ்த்திசை 4-க்கும், 4-இன் மேல்திசை 2-க்கும் மாற வேண்டும். பட்டன் எண்களை மட்டும் மாற்றி அடுக்காதீர்கள். எந்தப் பட்டனில் வெளிச்சம் நிற்க வேண்டும் என்பது எட்டாவது எஸ்பிஆர்எம்மில் (பிளேயர் தன் நிலையைக் குறித்துவைக்கும் எண்களில் ஒன்று) பட்டன் எண்ணை 1024-ஆல் பெருக்கி எழுதப்படுகிறது. 4-ஆம் பட்டன் என்றால் 4096. எண் இறங்கிவிட்டால், மெனுவுக்குத் திரும்பும்போது வெளிச்சம் வேறு இடத்தில் போய் உட்காரும்.

ஃபர்ஸ்ட் ப்ளேயை நேரே படத்துக்குத் திருப்புவது

டிஸ்க்கைப் போட்டதும் முதலில் இயங்கும் பிஜிசிதான் ஃபர்ஸ்ட் ப்ளே. அதைப் படத்துக்குத் திருப்புவது, தொடக்கத்தில் வரும் லோகோக்களைத் தாண்டக் குறுக்குவழி. ஆனால் வழியில் இருந்த பிஜிசிகள் வெறும் லோகோ அல்ல. ஜிபிஆர்எம்களில் தொடக்க மதிப்புகளை எழுதுவதும் அவைதான். தாண்டிவிட்டால் எல்லாம் சுழியமாகவே இருக்கும். படம் ஓடும். மெனு பட்டனை அழுத்தினால் எங்கோ போகும். பாதையை மாற்றாமல் லோகோ பிஜிசிகளின் பிளேபேக்கை மட்டும் நிறுத்துங்கள்.

ஆடியோவை எடுத்துவிட்டு மொழி மெனுவை விடுவது

448 கேபிபிஎஸ் ஒலித்தடம் ஒன்று 2 மணி நேரப் படத்தில் சுமார் 400 எம்பி பிடிக்கும். எடுப்பதில் தவறில்லை. ஆனால் மொழி மெனுவின் பட்டன், நீங்கள் எடுத்துவிட்ட தடத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் ஊமையாகிவிடும், அந்தக் கட்டளையை இருக்கும் தடத்துக்கு மாற்றுங்கள்.

பியூபி

ஐஎஃப்ஓவின் காப்பு நகல்தான் பியூபி கோப்பு. ஐஎஃப்ஓ மாறினால் அதன் பியூபியும் அச்சு அசலாக மாற வேண்டும்.

கணினியில் ஓடியதும் பர்ன் செய்வது

கணினி பிளேயர்கள் தாராள மனசுக்காரர்கள். பல தவறுகளைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். வீட்டு பிளேயர் கடக்காது. முதலில் அழித்து எழுதக்கூடிய ஒரு ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதி டிவியில் போட்டுப் பாருங்கள். காலியாக்கிய பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ரிமோட்டின் எண் பட்டன்களாலும் தேர்ந்தெடுங்கள். படத்தின் நடுவில் மெனுவை அழைத்துத் திரும்பி வாருங்கள். பிறகு கடைசி அத்தியாயத்துக்குத் தாவி, அங்கிருந்து எதையும் அழுத்தாமல் படத்தைத் தானாக முடியவிடுங்கள். போஸ்ட் கட்டளை பிழைத்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.